விழுப்புரத்தில் போகாத கால்

மகனே,

ஜபல்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. விஷயம்தான் ஒழுங்காக இல்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று இடது காது போய்விட்டது, அதனால் பட்டாளத்திலிருந்து உன்னை விடுவிக்கிறார்கள், அடுத்த மாதம் ஸ்ரீரங்கம் வந்துவிடுவாய் என்பது வரை சரி. அதற்குக் கீழே இரண்டு தீர்மானங்கள் எழுதியிருக்கிறாய். திருச்சி கன்டோன்மென்டில் பழைய படைவீரர்களின் காரியங்களைப் பார்க்கிற அலுவலகத்தில் போய் நின்று எந்த உதவியும் கேட்க உன்னால் ஆகாது, ஏனென்றால் நீ பிச்சைக்காரன் இல்லை, இது முதலாவது. தெருவில் யாராவது கேட்டால் விஷ ஜுரத்தில் காது அடைத்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும், பட்டாளத்தில் செவிடானவன் என்று பெயர் வந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், இது இரண்டாவது. முதலாவதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதைப் படித்தபோது, பழக்கப்பட்ட ஒரு விருந்தாளி மறுபடியும் வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது. இந்தக் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். தொலைத்த இடத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள்.

உன் அப்பாவின் கால் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி நடந்த வருஷம் நீ கும்பகோணத்தில் சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது அப்பாவுக்குப் புதுக் கால் இருந்தது. குழந்தைகள் வழக்கப்படி, எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை. அப்பாவும் இப்போது இல்லை, தாத்தாவும் இல்லை. ஆகவே யாருடைய முகத்தையும் பார்க்காமல் நான் எழுதலாம்.

யுத்த காலத்தில் உன் அப்பாவுக்கு வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. கணக்கு வரும் என்பதற்காக ராணுவம் அவரை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி தூக்க அல்ல. மலைப்பாதையில் சாமான் சுமக்கிற கோவேறு கழுதைகளுக்குப் புல்லும் கொள்ளும் கணக்குப் பார்க்க. பர்மா எல்லையில் ஒரு மழை நாளில், சுமையோடு ஏறிக்கொண்டிருந்த கழுதை ஒன்று சறுக்கி அவரையும் இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பூனாவில் ராணுவத்தார் ஒரு மரக்கால் செய்து மாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உனக்கும் எனக்கும் தோன்றும். உன் தாத்தாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவர். தீர்த்தம் வாங்குகிற வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. பிள்ளை கடல் தாண்டவில்லை, தரைவழியாகத்தான் போனார் என்று நான் அட்லஸை விரித்துக் காட்டினேன். அட்லஸை ஒப்புக்கொண்டார், பட்டாளத்துச் சமையலை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனிலிருந்து பிள்ளையை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீடு வந்து சேருவதற்குள் கதையை முடித்துவிட்டார். பிள்ளைக்குப் பம்பாயில் கணக்கு உத்தியோகம். லீவில் வரும்போது விழுப்புரம் ஜங்ஷனில் ஓடுகிற ரயிலில் ஏறப்போய்க் கால் போயிற்று. விழுப்புரம் ஏன் என்று பின்னொரு நாள் கேட்டேன். அங்கே ஒருமுறை குடித்த காபி மகா மோசம் என்றார்.

நான் சென்னையில் பி.ஏ. படித்தவள், தர்க்கசாஸ்திரத்தைப் பாடமாக எடுத்தவள். அந்தப் பொய்யை நான் எதிர்த்தேன் என்று நீ நினைத்தால் உன் அம்மாவை உனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ரயிலில் எந்தப் பக்கமாக ஏறியிருந்தால் வலது கால் போகும் என்று கேட்டு, கதையில் இருந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன். அதோடு தாத்தா, படைவிடுப்புப் புத்தகத்தை அம்மா மண்டபத் துறையில் காவிரியில் விட்டுவிட்டு ஸ்நானம் பண்ணிவிட்டு வந்தார். பென்ஷன் வந்தால் தபால்காரர் மூலம் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று உன் அப்பா அதையும் கேட்டு எழுதவில்லை. மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய் வந்தார்.

கதை அதன் பாட்டுக்கு வளர்ந்தது. எதிர் வீட்டுச் சடகோபன் மாமாவை உனக்குத் தெரியும். உலகத்தில் அவரைவிட நல்ல மனிதரும் கிடையாது, அவரைவிட ஆபத்தான சாட்சியும் கிடையாது. முதல் வருஷம், விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு அந்த ரயிலின் கார்டைச் சந்தித்ததாகச் சொன்னார். அதற்கும் பிறகு அந்த ரயிலிலேயே அவர் ஏறிவிட்டார். உன் அப்பாவின் காலுக்குக் கட்டுப்போடத் தம் அங்கவஸ்திரத்தைக் கிழித்ததாக அவர் சொல்லும்போது, கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உன் அப்பாவே ஒருமுறை அவருக்கு நன்றி சொல்லிவிட்டார்.

பத்து வருஷம் ஓடியது. பூனாக்காரர்கள் செய்த கால் விரிசல்விட்டது. தோல் வார்கள் இற்றுப்போயின. சித்திரை வீதித் தச்சர் ஒருவர் பழுது பார்த்துக் கொடுத்தார். அவர் மேஜை நாற்காலி செய்கிறவர். காலும் அந்த ஜாதியாகவே அமைந்தது. உன் அப்பா நடந்தால் யாரோ பக்கத்து அறையில் சாமானை நகர்த்துவதுபோல் கேட்கும். வெட்டிய இடம் புண்ணாகி, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடம் நடத்த ஆரம்பித்தார். கரும்பலகையில் எழுதாமல் ஜியோமிதி சொல்லித்தர முடியாது என்று தலைமையாசிரியர் மரியாதையாகச் சொன்னார். முழுப் பரீட்சைக்குள் நின்று பாடம் நடத்த முடியாவிட்டால் விலகிக்கொள்வதே நல்லது என்றும், அதே மரியாதையோடு சொன்னார். ஆகவே ஒரு கால் வேண்டும். நல்ல கால், சரியான கால், பூனாக் கால். யுத்தத்தில் அடிபட்டவர்களுக்கு ராணுவம் அதை இலவசமாக மாற்றித் தரும், ரயில் சீட்டும் தரும் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யுத்தத்தில் அடிபட்டவர் என்று நிரூபித்தால் போதும். நிரூபணம் காவிரியில் இருந்தது.

நான் விண்ணப்பம் எழுதினேன். இங்கிலீஷில், நான்கு பக்கம், ஒரு மேற்கோளுடன். அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள், கழுதைக் கொட்டடிக் குமாஸ்தாவின் சம்சாரம் இப்படி எழுத முடியாது, யாரோ வக்கீல் பின்னால் இருக்கிறார் என்று முடிவு செய்து, நேரில் விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது: விண்ணப்பத்தைச் சுருக்கமாக எழுது, என்ன வேண்டும், ஏன் வேண்டும், எந்தப் படைப்பிரிவு, அவ்வளவு போதும். உன் நடையழகை ரசிக்க அங்கே யாரும் சம்பளம் வாங்கவில்லை.

விசாரிக்க வந்தவர் ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர்ப் பக்கத்துக்காரர்; முறுக்கிய மீசை, சலவை மடிப்புக் கலையாத சட்டை. முறைப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் வீடு வீடாக விசாரித்தார். ஐயங்கார் பட்டாளத்தில் இருந்தாராமே என்று கேட்டார். தெரு திகைத்துவிட்டது. பட்டாளமா? எந்தப் பாவி சொன்னான்? எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருவர் பாக்கியில்லாமல் விழுப்புரம் என்று சாட்சி சொன்னார்கள். சடகோபன் மாமா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, மோர் கொடுத்து, கிழிந்த அங்கவஸ்திரத்தின் மறுபாதியையே எடுத்துவந்து காட்டினார். அது எதில் கிழிந்ததோ, பெருமாளுக்கே வெளிச்சம். ரயில் விபத்து, ராணுவ சேவைக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி, விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தனை ஒற்றுமையான சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் தள்ளியிருக்காது. அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, ஓர் ஆபத்தைத் தாம் தடுத்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா, காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு மறுபடியும் நன்றி சொன்னார்.

மறு விசாரணை வேண்டுமானால் கூட இருந்த ஒரு படைவீரர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். உன் அப்பாவோடு அந்தக் கம்பெனியில் இருந்தவர் காதர் பாய். மலைக்கோட்டைக்குக் கீழே டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தார். நான் கடைக்குப் போனபோது, பெட்டிகளுக்கு நடுவில் நின்று, தாம் தனி ஆளாக மெஷின்கன்னைப் பிடித்து ஒரு குன்றைக் காத்த வரலாற்றைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வரலாறு நின்றது. விஷயத்தைச் சொன்னேன். வாத்தியாருக்காக உயிரையே கொடுப்பேன் என்றார். குண்டு வெடித்தபோது வாத்தியார் பாயைப் பின்னால் தள்ளிவிட்டுத் தாம் முன்னால் விழுந்ததாகச் சாட்சி சொல்வதாகவும் வாக்களித்தார். குண்டு வேண்டாம், கழுதை போதும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அம்மா, இந்தக் கடைத்தெருவுல நான் மெஷின்கன் காதர். கழுதை பிடிச்சவன்னு நாளைக்குத் தெரிஞ்சா, என்கிட்டப் பொட்டி வாங்க எவன் வருவான்?”

“பொட்டி வாங்க வர்றவா பூட்டைத்தான் பாப்பா, பாய். உங்க மெஷின்கன்னையா பாக்கப்போறா?”

யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று ஆண்பிள்ளைகள் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். வீட்டிலும் அதே கதிதான். கழுதை விஷயம் வெளியே போனால் கோஷ்டியில் தமக்குத் தீர்த்தம் கிடைக்காது என்று தாத்தா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை அக்காரவடிசல் என்பதால் சாப்பிட்டார். அப்பாவைக் கேட்டாலோ, பெரியவர் மனசு நோகக் கூடாது, உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டில் ட்யூஷன் சொல்லித்தருகிறேன் என்றார். நம் வீட்டில் கணக்கு ட்யூஷன் படிக்க வருகிற பிள்ளைகள் கணக்கு வராதவர்கள் மட்டுமல்ல, பணமும் வராதவர்கள். ஆகவே நான் யாரையும் கேட்காமல் மறு விசாரணைக்கு விண்ணப்பம் போட்டேன். இந்தத் தடவை அரைப் பக்கம்.

சுபேதார் மறுபடியும் வந்தார். இந்த முறை நம் கூடத்தில் விசாரணை. பாய் வந்தார், சட்டையில் பதக்கத்தோடு. சடகோபன் மாமாவை யாரும் அழைக்கவில்லை. ஆகவே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். தாத்தா ஊஞ்சலில், சுவரைப் பார்த்தபடி. பாய் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, குண்டு வெடித்த கதையை ஆரம்பித்துவிட்டார். நான் செய்த கண்ஜாடை எதுவும் மூடிய கண்ணுக்கு எட்டவில்லை. அவர் முடிப்பதற்குள் மாமா குறுக்கிட்டு, குண்டாவது ஒன்றாவது, அந்த வண்டியில் அடியேனே இருந்தேன் என்று அங்கவஸ்திரத்தை விரித்தார். அங்கவஸ்திரமும் பதக்கமும் ஒன்றையொன்று முறைத்தன. சுபேதார் பேனாவை மூடினார்.

“எனக்கு ஒண்ணும் விளங்கலீங்க. இருந்தது ஒரு காலு. அது எத்தனை தடவைங்க போகும்?”

அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். ரயிலும் இல்லை, குண்டும் இல்லை, கழுதை என்றார். சொல்லிவிட்டு ஊஞ்சலைப் பார்த்தார், ஊஞ்சல் நின்றுவிட்டது. சுபேதார் நம்பவில்லை என்று தெரிந்தது. இது மூன்றாவது கதை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உருண்டு விழுந்தப்போ அந்தக் கழுதை ரொம்பக் கத்துச்சுங்களா?”

“கத்தலை. எப்படிக் கத்தும்? எங்க கம்பெனிக் கழுதைக்கெல்லாம் தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரலை எடுத்திருந்தா. காட்டுல கத்தினா எதிரிக்கு இடம் தெரிஞ்சுடும்னு. என்மேல கிடந்து வாயை வாயைத் தொறந்தது. சத்தம் வரலை. அவ்வளவுதான்.”

சுபேதார் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அவரும் அந்தக் காட்டில் இருந்தவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் கால் போனவனுக்கு இது தெரிந்திருக்க முடியாது. குன்றைத் தனியாகக் காத்த மெஷின்கன்காரனும் இதைச் சொல்லமாட்டான். பாய் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

“அது பேரு ராணிங்க. என் கையிலதான் கயிறு இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்.”

சடகோபன் மாமா அங்கவஸ்திரத்தை மடித்தார். தெரு முழுக்கப் பத்து வருஷம் பேசிய கதை ஒரு பக்கம். சத்தமில்லாமல் வாயைத் திறந்த ஒரு மிருகம் ஒரு பக்கம். இதைப் பற்றி நான் அலங்காரமாக எதுவும் எழுதப்போவதில்லை. ஊஞ்சலிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது. சுபேதாரைப் பார்த்து, மிகவும் தாழ்ந்து கேட்டார்.

“கழுதைன்னு எழுதாம குதிரைன்னு எழுதிக்கப்படாதோ? பெருமாளே குதிரை வாகனத்துல ஏள்றார்.”

“அந்தக் காட்டுக்குப் போனது கழுதைப் படைதாங்க, சாமி. குதிரைன்னு எழுதினா காலு வராது.”

தாத்தா கோஷ்டியையும், தீர்த்தத்தையும், பிள்ளையின் மடியில் கிடந்த மேஜைக் காலையும் யோசித்திருப்பார். பிறகு, கழுதைன்னே எழுதிக்கோங்கோ என்றார். என் மாமனார் வாயிலிருந்து நான் கேட்ட மிகப் பெரிய வாக்கியம் அதுதான். மறுநாள் நடுங்கிக்கொண்டே கோயிலுக்குப் போனார். தீர்த்தம் வழக்கமான வரிசையில் வந்தது. பக்கத்தில் நின்றவர் கேட்டதெல்லாம், பர்மாவில் கழுதைக்குக் கொள்ளு கிடைக்குமா என்பதுதான். பத்து வருஷம் எதற்குப் பயந்தோம் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. பாயின் கடையிலும் பெட்டிகள் எப்போதும்போல் விற்றன. இன்னும் அவர் மெஷின்கன் காதர்தான். ஆனால் இப்போது அந்தக் குன்றில் ராணியும் இருக்கிறாள்.

சுபேதார் கிளம்பும்போது நான் வாசலில் மறித்து, வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீ மனப்பாடம் செய்துகொள். கேட்ட காரியத்தை மட்டும் செய்துகொடுப்பதுதான் எந்த அலுவலகத்துக்கும் வழக்கம். கேட்காததைத் தேடிவந்து சொல்ல அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவர் நின்று நிதானமாகச் சொன்னார். அங்கஹீனப் பென்ஷனுக்குத் தனியாக எழுத வேண்டும். தரிசு நிலம் கேட்கலாம். ஆனால் உழத் தெரிய வேண்டும். விதவைகளுக்குத் தையல் மிஷின் உண்டு. எனக்கு அன்று அதற்குத் தகுதி இல்லை. இன்று தகுதி வந்துவிட்டது, தையல்தான் வரவில்லை. கடைசியாக, படைவீரர் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளத்தில் சலுகை உண்டு என்றார். மகனே, நீ பட்டம் வாங்கியது அந்தச் சலுகையில். பட்டம் இருந்ததால்தான் உன்னை ஆபீஸராக எடுத்தார்கள். பிச்சைக்காரன் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதுகிறாயே, அந்தக் கையெழுத்துக்குக் கட்டணம் செலுத்தியது ராணி. அது பிச்சை இல்லை. உன் அப்பா ஒரு காலைக் கொடுத்தார், அவர்கள் ஒரு காலைத் திருப்பிக் கொடுத்தார்கள்; உன் படிப்பை வட்டி என்று வைத்துக்கொள். நீ ஒரு காதைக் கொடுத்திருக்கிறாய். அதற்குக் காது மிஷின் தருவார்கள், உத்தியோகத்தில் முன்னுரிமை தருவார்கள், வேறென்ன இருக்கிறது என்று கேட்டால் வேறும் தருவார்கள். கேட்க உனக்குக் குரல் இருக்கிறது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

உன் அப்பா சர்க்கார் சீட்டில் பூனா போனார். திரும்பும் வழியில் எனக்கு ஒரு கார்டு போட்டார். அவர் என்னிடம் வேடிக்கையாகப் பேசியது அபூர்வம். எழுதியது இந்த ஒருமுறைதான். “விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். இரண்டு கால்களும் பத்திரம். காபி மோசம்தான், அப்பாவிடம் சொல்லவும்.” முழுப் பரீட்சைக்கு முன்னால் அவர் நின்றபடியே கரும்பலகையில் வட்டம் போட்டார்.

இப்போது உன் ஜுரத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்தபோது சடகோபன் மாமா நம் வாசலில் இருந்தார். வயசாகிவிட்டது, ஆனால் அவர் காது உன் காதைவிட நன்றாகக் கேட்கிறது. ஜுரம் என்ற வார்த்தையை நான் முணுமுணுத்திருக்கிறேன்போல. நேற்றுக் காலை கோயில் வாசலில், உன் தலைமாட்டில் மூன்று ராத்திரி கண் விழித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்ததாக அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஜபல்பூர் போனதில்லை என்பது ஒரு தடையே அல்ல. இன்னும் ஒரு வாரம் விட்டால் கஷாயச் சட்டியையே காட்டுவார். கன்டோன்மென்டிலிருந்து விசாரிக்க வருகிறவருக்கு மோரும் கொடுப்பார். இன்னொரு பத்து வருஷம் காத்திருக்க எனக்கு வயசில்லை. ஆகவே இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை, நம் தெருவில் எல்லா வீட்டிலும் வாங்குகிற பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அவர்கள் போடாமல் இருக்கமாட்டார்கள். நீ ரயிலைவிட்டு இறங்கும்போது உன் காது எப்படிப் போயிற்று என்று ஸ்ரீரங்கம் முழுவதும் தெரிந்திருக்கும். கோபப்படுவாய், படு. படைவிடுப்புப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வா. திங்கட்கிழமை காலையில் நாம் இருவரும் கன்டோன்மென்ட் போகிறோம்.

மாமாவைப் பற்றிக் கவலைப்படாதே. இதைப் படித்த பிறகு, அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் தாமும் நின்றதாக அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இந்தத் தடவை அவருடைய சாட்சியம் நமக்கு உதவும்.

உன் அம்மா